ஏழாவது படத்தின் தூரம்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2009 ஜூலையில் ஒரு மாத இதழின் பொறுப்பாசிரியர் கேசவன் போன் செய்தார். "நிறைய பேர் பழைய டிஜிட்டல் கேமராவா தேடி வாங்குறாங்க மேடம். ரெண்டை எடுத்து ஒப்பிட்டு எழுதிக் குடுங்க. பூ எடுக்க எது, பறவை எடுக்க எது, வீட்டு விசேஷத்துக்கு எது. ஆயிரம் வார்த்தை போதும். கதை விட்றாதீங்க."

கதை விட்டுவிட்டேன்.

என்னிடம் கேமரா கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் கேமரா ரிப்பேர் பார்க்கும் வில்பிரட்டிடம் போய் நின்றேன். "பேஜாரே இல்லக்கா. நீ சொல்ற ரெண்டு மாடலும் பம்மல்ல ஒரே வூட்ல கீது. ஜமால் பாய் சம்சாரம் வச்சுகினு இருக்காங்க. ஒரு கீறல் இருக்காது, பாரேன்" என்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.

இப்படித்தான் சாஹிராவின் மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்பது வயது. சின்னதும் பெரியதுமான இரண்டு கேமராக்களையும் தனித்தனித் துணிப்பையில் வைத்திருந்தாள். நான் நோட்டில் கட்டம் போட்டு மதிப்பெண் எழுதிக்கொண்டே வந்தேன். பூ: சின்னது. துணியின் நெசவு: சின்னது. தலைக்கு மேல் போகும் விமானம்: பெரியது. 'தொலைவில் நகரும் ஆள்' என்ற கட்டத்துக்கு வந்தபோது அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கு ஒரு படம் இருக்குக்கா. ஆனா பத்திரிகையில போடக் கூடாது."

அதற்குப் பிறகு அந்த அட்டவணை நகரவில்லை.

2

எங்கிருந்து தொடங்குவது?

'அந்தக் கேமராவை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது சாஹிராவுக்குத் தெரியாது, அது தன் வாழ்க்கையை' [வேண்டாம். யாருக்குத்தான் எதுதான் முன்கூட்டித் தெரியும்?]

'பம்மலில் தோல் பதனிடும் வாடை வீசும் தெரு ஒன்றில்' [இதைச் சாஹிராவிடம் படித்துக் காட்டினேன். "எங்க தெருவுல பிரியாணி வாடையும்தான் வீசுது, அதை ஏன் எழுதலை?" என்றாள். நியாயம். அடித்துவிட்டேன்.]

கையுறையிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஜமாலுக்குப் பம்மலில் ஒன்பது தையல் மிஷின்களோடு ஒரு தோல் கையுறைப் பட்டறை இருந்தது. 2004இல் வெளிநாட்டு வியாபாரி ஒருவன், சரக்கின் மாதிரியைத் தபாலில் அனுப்ப வேண்டாம், போட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்பு என்று சொல்லிவிட்டான். ஜமால் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தார். மூன்று மெகாபிக்சல்தான். இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும்.

அவர் எடுத்த படங்களில் கையுறைகள் அவித்த கிழங்கு மாதிரி இருந்தன. பட்டறையின் கணினி வேலை முழுவதும் பி.காம். படித்த சாஹிராவின் பொறுப்பு. அவள் கேமராவோடு வந்த குட்டிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தாள். பூ படம் போட்ட ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்து சென்டிமீட்டர் வரை கிட்டத்தில் போகலாம் என்று கண்டுபிடித்தாள். ஜன்னலோரம் மேஜை போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தி, வெயிலைத் திருப்பி விட்டாள். கட்டை விரலின் மடிப்பில் ஓடும் தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வியாபாரி பதில் எழுதினான்: இந்தப் போட்டோகிராபரை மாற்றாதே.

[கேசவன் சாருக்கு: கிட்டத்துப் படத்துக்கு இன்றைக்கும் இந்தச் சின்னதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் படம் எடுக்கும். ஓடுகிற எதற்கும் ஆகாது.]

அதன் பிறகு அவள் கையுறையோடு நிற்கவில்லை. பாகற்காயின் தோல், மருதாணி காய்ந்து உதிரும் விரல், வாளியில் சோப்பு நுரை. ஒரு சாணுக்கு அப்பால் இருந்த எதையும் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவுமில்லை.

4

2005 ஜூன். பல்லாவரத்தில் அவர்கள் கணக்கு வைத்திருந்த வங்கி. கவுண்டரில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பறவையின் படம். உடம்பெல்லாம் நீலம், அலகும் நெற்றியும் சிவப்பு.

"காலண்டர்லேர்ந்து வெட்டினதா மேடம்?"

"நான் எடுத்ததுங்க. பள்ளிக்கரணையில."

"எவ்வளவு கிட்ட போனீங்க?"

"போகவே இல்லையே. ரோட்டோரம்தான் நின்னேன். என் கேமரா பன்னண்டு மடங்கு கிட்ட இழுக்கும்."

"என்னுதுல நானேதான் கிட்ட போகணும்" என்றாள் சாஹிரா.

கவுண்டரில் இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவள்தான் ஸ்ரீவித்யா. முப்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொழிச்சலூரில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவித்யாவின் ஸ்கூட்டர் பம்மல் தெருவில் வந்து நின்றது. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வருஷம், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள். பள்ளிக்கரணைச் சதுப்பு, பெரும்பாக்கம் ஏரி, நன்மங்கலத்துக் காடு. பத்தரைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள்.

முதல் நாள் சதுப்போரம் ஸ்ரீவித்யா தன் பெரிய கேமராவின் வாரைச் சாஹிராவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். சாஹிரா கண்ணை வைத்துப் பார்த்துக் கத்தியே விட்டாள்.

"வித்யா! அதோட கண்ணு சிவப்பு!"

(மேடம் என்பது அன்றைக்கே உதிர்ந்துவிட்டது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.)

"ஆமா. நாமக்கோழிக்குக் கண்ணு சிவப்புதான்."

"எத்தனை தடவை இந்த ரோட்டுல பஸ்ல போயிருக்கேன். கறுப்பா என்னமோ மேயுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஸ்ரீவித்யா அன்று சின்ன கேமராவை வாங்கிக்கொண்டு கோரைப்புல் பக்கம் குந்தினாள். ஒரு சிலந்தி. கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முட்டி இரண்டிலும் சேறு.

"சாஹி, நான் இதுவரைக்கும் எதுகிட்டயும் இவ்வளவு கிட்ட போனதில்ல தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாஹிரா சிரிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள், ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் நினைவு வந்தது போல.

ஸ்ரீவித்யா தன்னைப் படமெடுக்க விடமாட்டாள். கேமராவைத் தூக்கினால் கையை நீட்டி மறைத்துக்கொள்வாள். அதனால் சாஹிராவிடம் இருப்பதெல்லாம் அந்தக் கைதான். வங்கி முத்திரையின் ஊதா மை ஒட்டிய ஆள்காட்டி விரல். மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு. ரேகைக்குள் மண். எல்லாம் ஐந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து.

5

அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. இதழில் அடிக்குறிப்புக்கு இடமில்லை என்பதால் இங்கே.

முதல் பிரதியில் இந்த இடத்தில் 'அது வெறும் நட்பு அல்ல' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடுத்த வரியில் வேறொரு சொல்லும் எழுதியிருந்தேன். சாஹிரா படித்தாள். பேனாவை வாங்கி இரண்டையும் அடித்தாள். அதற்குப் பதில் 'அது நட்பு' என்று எழுதப் போனாள். 'அது' வரைக்கும் எழுதிவிட்டு அதையும் அடித்தாள்.

"பேர் வைக்காதீங்கக்கா. ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக்கோங்க. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. வாரம் பூரா ஞாயித்துக்கிழமையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

6

2007 ஏப்ரலில் ஷேர் ஆட்டோவில் ரத்தினபாய் சாஹிராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வங்கியில் பெருக்கித் துடைத்து டீ வாங்கி வருகிறவள்.

"இன்னாம்மா, நம்ம மேடம் பரிட்சை பாஸ் பண்ணிட்டாங்களாமே. ஆபீசராயி போடிக்குப் போறாங்களாம். உனுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்" என்றாள் சாஹிரா.

தெரியாது. மாற்றல் என்பது மேலிருந்து வருவது, அதற்கு யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் பரீட்சை தானே போய் எழுதுவது. அது ஜனவரியில் நடந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவித்யா வயிற்றுவலி என்று வரவில்லை. சாஹிரா அன்றைக்கு ரசம் வைத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு பொழிச்சலூர் வரை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பி வந்திருந்தாள்.

புதன்கிழமை ஸ்ரீவித்யா இனிப்புப் பெட்டியோடு வந்தாள்.

"வாங்க மேடம்" என்றாள் சாஹிரா.

ஸ்ரீவித்யா வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாஹி, நான் சொல்லணும்னுதான்..."

"நல்ல விஷயம்தானே மேடம். உக்காருங்க. டீ போடுறேன்."

டீயைக் குடித்தாள். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போலக் கையிலேயே வைத்திருந்தாள். போகும்போது படியில் நின்று சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமை. பகல் வண்டி. தாம்பரத்துல ஒண்ணு பத்துக்கு. உன்னால வர முடிஞ்சா"

[இது நான் பாதியில் விட்ட வாக்கியம் அல்ல. அவளே விட்டது.]

இந்த இடத்தில் எனக்கு ஸ்ரீவித்யா மேல் சந்தேகம் வருகிறது. ஏன் பரீட்சை எழுதினாள்? சம்பளத்துக்காகவா? அம்மாவின் பிறந்த ஊர் தேனிப் பக்கம் என்பதாலா? அல்லது எதையும் பன்னிரண்டு மடங்கு தள்ளி நின்றே பார்த்துப் பழகியவளுக்கு இந்தக் கிட்டம் பயமாக இருந்ததா? நான் அவளைப் பார்த்ததே இல்லை. சாஹிராவின் கண் வழியாக மட்டும் தெரிகிற ஒருத்தியின் மனசுக்குள் போக எனக்கு வழியில்லை. காலியாக விடுகிறேன்.

பிரிவுக்கு ஒரு வில்லன் இருந்தால் எழுத வசதி. ஜமாலை முயன்று பார்த்தேன். 'ஜமால் புருவத்தை நெரித்து, ஞாயிற்றுக்கிழமையானால் எங்கே' என்று ஒரு பத்தி கூட எழுதினேன். உண்மையில் அவர் செய்தது அடுத்த பகுதியில் இருக்கிறது. அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே கால். சாஹிரா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜமால் சாப்பிடக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்குத்தானே உங்க மேடம் போறாங்க?"

"ஆமா."

"நீ போகலையா?"

"வேலை கிடக்கு."

அவள் தேய்த்துக்கொண்டிருந்தது ஏற்கெனவே தேய்த்த சட்டை. ஜமால் ஒரு நிமிஷம் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி சுவிட்சை அணைத்தார்.

"என்ன கோவம்னு நான் கேக்கல. சட்டை எங்கேயும் போகாது. வண்டி போயிடும். கிளம்பு."

பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, மூன்று இடத்தில் ஆள் ஏற்ற நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மின்சார ரயில் அடிக்கடி இல்லை. வந்த வண்டியும் சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் சிக்னலுக்காக நின்றது. அவள் கதவோரம் நின்று வெளியே பார்த்தாள். பக்கத்துத் தண்டவாளத்தில், மதுரை போகிற அந்த எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு பெட்டியாக அவளைக் கடந்து தாம்பரத்துக்குப் போயிற்று.

அவள் தாம்பரத்தில் இறங்கியபோது மணி ஒன்று பதிமூன்று. நடைமேம்பாலத்தில் ஏறினாள். மேலே மூட்டை, குழந்தை, பூக்கூடை என்று ஒரே கூட்டம். பாதிப் பாலம் போவதற்குள் கீழே ரயில் நகரத் தொடங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நடுவில் ஒரு பெட்டியின் வாசலில் பச்சைப் புடவை. முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருந்தது.

சாஹிரா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். "வித்யா" என்று கூப்பிட்டாள். கையைத் தூக்கினாளா என்பது அவளுக்கு நினைவில்லை. ரயில் வளைந்து, பச்சை ஒரு புள்ளியாகி, அதுவும் போயிற்று.

வீட்டில் ஜமால் கேட்டார்: "பாத்தியா?"

"பாத்தேன்."

பொய்யில்லை.

போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அன்று மாலையே நம்பரை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். "கோவம் போயிடுச்சுக்கா. வெக்கம்தான் போகல. வந்தேன்னு சொன்னா, அவங்க எங்க வீட்டு வாசல்ல நின்னப்ப நான் குடுத்த அந்த 'மேடம்'ங்கிறதையும் சேத்துல்ல திருப்பி வாங்கணும்?"

8

ஒரு மாதம் கழித்து ஸ்ரீவித்யாவிடமிருந்து ஈமெயில். ஒரே வரி: தாம்பரத்தில் கடைசியாக எடுத்த படங்கள். கூடவே பதினொரு கோப்புகள். நடைமேடை, குடிநீர்க் குழாய், கூலிக்காரர் ஒருவரின் முதுகு, சிக்னல் கம்பத்தில் காகம்.

ஏழாவது படம் நடைமேம்பாலம்.

பாலம் முழுவதும் சட்டத்துக்குள் இருக்கிறது. மேலே ஐம்பது அறுபது பேர். எல்லாரும் தெளிவு. நடுவில் ஒரே ஓர் உருவம் மட்டும் கலங்கியிருக்கிறது. எல்லாரும் நடக்கும்போது அது ஓடியிருக்கிறது. சாஹிரா திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். சாம்பல் நிறத் துப்பட்டா. கம்பிக்கு மேலே தூக்கிய ஒரு கை.

அப்படியென்றால் கையைத் தூக்கியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டாள்.

ஸ்ரீவித்யா பார்த்துவிட்டு எடுத்தாளா? ஊரைவிட்டுப் போகிறவள் ஒரு பாலத்தை எடுத்ததில் சாஹிராவும் தற்செயலாக விழுந்துவிட்டாளா? சாஹிரா பதில் எழுத உட்கார்ந்தாள். நான்கு நாள் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "படங்கள் நல்லா இருக்கு."

அதற்குப் பதில் வரவில்லை. பிறகு பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து. போன வருஷம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே பெரிய கேமரா. 'புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். இது உன்கிட்ட இருக்கட்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. சாஹிரா மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். காலி. சுற்றியிருந்த குமிழ் பிளாஸ்டிக்கைப் பிரித்து உதறிப் பார்த்தாள். அட்டைப்பெட்டியின் அடி மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

[கேசவன் சாருக்கு: பெரியதில் கையாட்டத்தைச் சமாளிக்கும் வசதி நன்றாக வேலை செய்கிறது. ஓடுகிற ரயிலின் வாசலில் நின்று எடுத்தும் பாலத்தின் கம்பிகள் கூர்மையாக இருக்கின்றன. எதிரில் இருப்பவர் ஓடினால் அதற்கு எந்தக் கேமராவும் பொறுப்பில்லை.]

9

இனி நடந்தது என் தப்பு.

சாஹிரா அந்தப் படத்தைத் தன் கணினியில் காட்டினாள். நான் அட்டவணைக்காரியாகவே அதைப் பார்த்தேன். ரயில், பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது லென்ஸை இழுக்காமல் எடுத்தாலும் பாலம் இப்படி முழுதாக விழும். தூரம் போனபின் முழுக்க இழுத்து எடுத்தாலும் இப்படித்தான் விழும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால்...

"இதைக் கண்டுபிடிக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். "டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடயும் குறிப்பு எழுதி வைக்கும். லென்ஸ் எவ்வளவு இழுத்திருந்ததுன்னு அதுல நம்பர் இருக்கும். வலது பக்கம் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாத்தா போதும். இந்தக் கேமராவுல இழுக்கலைன்னா 6, முழுசா இழுத்தா 72."

சாஹிரா திரும்பி என்னைப் பார்த்தாள். கையுறைப் படங்களுக்கு அந்த எண்கள் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அவள் பார்த்ததே இல்லை.

"இது வித்யாவுக்குத் தெரியுமா?"

"இந்தக் கேமராவை இத்தனை வருஷம் வச்சிருந்தவங்களுக்குத் தெரியாம இருக்காது."

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். நான் மனதுக்குள் முடிவுகளை எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.

முடிவு ஒன்று. எண் 6. ஸ்ரீவித்யா எதையும் பார்க்கவில்லை. நடைமேடையில் நின்று நின்று பார்த்து, சாஹிரா வரவில்லை என்றே நினைத்துக்கொண்டு ஏறினாள். இரண்டு வருஷமாக அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முடிவு இரண்டு. எண் 72. தூரத்தில் ஓடி வந்தவளைப் பார்த்தாள், லென்ஸை முழுக்க இழுத்தாள், எடுத்தாள். வேண்டுமென்றே அனுப்பி, பார்த்தேன் என்று சொல்லாமல் சொன்னாள். அதற்குக் கிடைத்த பதில்: படங்கள் நல்லா இருக்கு.

[முடிவு மூன்று: சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. கோழைத்தனம். அடித்துவிட்டேன்.]

எந்த முடிவு குறைவாக வலிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"அக்கா, கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?" என்றாள் சாஹிரா.

எழுந்து போய் மாடிப்படியில் நின்றேன். கீழே பட்டறையில் ஜமால் யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தார். தையல் மிஷின்கள் ஓடின. ஒரு விமானம் தாழ்வாகக் கடந்து போனது, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளே என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நான் அங்கே இல்லை.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அவள் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நெற்றி ஓரத்தில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. படியில் எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, போடிக்கு இங்கேர்ந்து நேரா பஸ் இருக்கா?"

"இருக்கும். பெருங்களத்தூர்ல ஏறலாம்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டாள். எந்த எண்ணைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. 6 என்றால், வந்தேன் என்று சொல்லப் போகிறாள். 72 என்றால், நீ பார்த்தது எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லப் போகிறாள். இரண்டுக்கும் ஒரே பஸ்தான்.

அவள் போய்ச் சேரும் வரைக்குமாவது, உங்களுக்குத் தோன்றும் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.